ஓய்வு வயதை உயர்த்துவது பற்றித் தம்பியோடு சண்டை, யார் சொல்வது சரி?

கணக்குப்புலி

நேற்று ராத்திரி தம்பியோடு போனில் ஒரு மணி நேரம் சண்டை. சொத்துச் சண்டை இல்லை, பயப்படாதீர்கள். ஓய்வு வயதை உயர்த்தினால் இளைஞர்களுக்கு வேலை கிடைக்காது என்கிறான் அவன். உயர்த்தாவிட்டால் உனக்கே நாளைக்கு ஓய்வூதியம் கிடைக்காதுடா என்கிறேன் நான். இரண்டு பேருமே பாதி தெரிந்துகொண்டு முழுசாகக் கத்தினோம் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அதனால் இங்கே கேட்கிறேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நாம் கட்டிய காசை ஒரு பெட்டியில் போட்டுவைத்து வயதான பிறகு நமக்கே திருப்பித் தருகிறார்கள் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரும்பாலான நாடுகளின் அரசு ஓய்வூதியம் அப்படி இல்லை. இந்த மாதம் வேலை பார்க்கிறவன் கட்டுவது இந்த மாதமே ஓய்வு பெற்றவர் கைக்குப் போய்விடும். அமெரிக்காவில் 1940-ல் முதன்முதலாக மாதாந்திர ஓய்வூதியம் வாங்கியவர் ஐடா மே ஃபுல்லர் என்ற அம்மாள். மூன்று வருஷம் அவர் கட்டிய மொத்தத் தொகை 24 டாலர் 75 சென்ட். கைக்கு வந்த முதல் காசோலையே 22 டாலர் 54 சென்ட். 1975-ல் 100 வயதில் இறப்பதற்குள் அவர் வாங்கியது 22,888 டாலர் சொச்சம்! இதில் ஏமாற்று எதுவும் இல்லை, முதல் வரிசையில் நின்றவர்களுக்குத் திட்டமே அப்படித்தான் அமைந்தது. 1950-ல் அங்கே பயன் வாங்கும் ஒருவருக்குப் பின்னால் 16 பேர் வேலை செய்து கட்டினார்கள். இன்றைக்கு மூன்று பேர்கூட இல்லை.

கேள்வி, கடைசி வரிசையில் நிற்கிற நாம் என்ன ஆவோம்?

நிழல்குடை

நான் உங்கள் தம்பி கட்சி. எனக்கு 26. என் மேலாளருக்கு 61, அவருக்கு மேலே இருப்பவருக்கு 64. பஸ்ஸில் ஏறிய எல்லோரும் கடைசி நிறுத்தம்வரை இறங்க மாட்டேன் என்றால் வழியில் நிற்கிறவன் என்ன செய்வான்? இவர்கள் இறங்கினாலும் இவர்களுக்கான ஓய்வூதியத்தை நான்தான் கட்ட வேண்டும், இறங்காவிட்டால் எனக்கு இடமில்லை. இந்தச் சுமை இரண்டு பக்கமும் எங்கள் தலையில்தான்.

ஓட்டுக் கணக்கையும் பாருங்கள். வயதானவர்கள் தவறாமல் வாக்குச்சாவடிக்குப் போகிறார்கள், எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போகிறது, எந்தக் கட்சி அவர்களைத் தொடும்? பிரிட்டனில் 2010-ல் வந்த கூட்டணி அரசு கொண்டுவந்த ‘மூன்று பூட்டு’ ஏற்பாடு இருக்கிறது. விலைவாசி உயர்வு, சம்பள உயர்வு, 2.5 சதவீதம், இந்த மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் ஏறும். என் சம்பளத்துக்கு ஒரு பூட்டும் இல்லை, கதவே இல்லை.

மெதுவாகப்பேசு

நிழல்குடை, கோபம் புரிகிறது, ஆனால் பஸ் உவமை சரிப்படாது. வேலை என்பது எண்ணிப் போட்ட இருக்கை இல்லை. 1970களிலும் 80களிலும் ஐரோப்பாவில் சில நாடுகள் நீங்கள் சொல்வதைத்தான் செய்தன. ஐம்பதுகளில் இருந்தவர்களைக் காசு கொடுத்து வீட்டுக்கு அனுப்பி இளைஞர்களுக்கு இடம் விடப் பார்த்தன. இடம் காலியானது, இளைஞர் வேலையின்மை மட்டும் குறையவில்லை. ஏனென்றால் சம்பளம் வாங்குகிற 60 வயதுக்காரர் அதைச் செலவும் செய்கிறார், அந்தச் செலவு இன்னொருவருக்கு வேலையாகிறது. ஜப்பானில் 65 தாண்டியவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இன்னும் வேலை பார்க்கிறார், ஆனால் அங்கே இளைஞர் வேலையின்மை பணக்கார நாடுகளிலேயே மிகக் குறைந்த பக்கம். ஒரே அலுவலகத்துக்குள் பதவி உயர்வு அடைபடும் என்பது மட்டும் உண்மை, அதை மறுக்க மாட்டேன். உங்கள் மேலாளர் விஷயத்தில் என் அனுதாபங்கள்.

அப்புறம் இன்னொன்று. முதியோர் பெருகுகிறார்கள் என்றதும் ஆயுசு கூடிவிட்டது என்றே எல்லோரும் பேசுகிறோம். அதைவிடப் பெரிய காரணம் பிறப்பு குறைந்ததுதான். தென் கொரியாவில் 2023-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை. மக்கள்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும். 0.72 என்றால் என்ன என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள்: 100 தம்பதிகளுக்கு 72 குழந்தைகள், அதே விகிதம் தொடர்ந்தால் அந்த 72 பேருக்கு 26 குழந்தைகள். 200 தாத்தா பாட்டிகளுக்கு 26 பேரப்பிள்ளைகள். இரண்டே தலைமுறை.

வேகம்தான் உண்மையான சிக்கல். 65 தாண்டியவர்களின் பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 ஆவதற்கு பிரான்ஸுக்கு 115 வருஷம் பிடித்தது. ஜப்பானுக்கு 24. தென் கொரியாவுக்கு 18. பிரான்ஸ் நாலு தலைமுறையில் மெதுவாகப் பழகிக்கொண்டதை கொரியாவில் ஒரு குழந்தை பிறந்து பள்ளி முடிப்பதற்குள் செய்தாக வேண்டியிருந்தது. அங்கே தேசிய ஓய்வூதியத் திட்டம் தொடங்கியதே 1988-ல்தான், அதனால் இன்றைய முதியவர்களில் பலர் போதுமான காலம் கட்டவே இல்லை. விளைவு, முதியோரில் பத்துக்கு நாலு பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. பணக்கார நாடு என்று நாம் நினைக்கிற ஒரு நாட்டில்!

(சின்னத் திருத்தம், யாரும் கேட்கவில்லை என்றாலும்: 65 என்ற ஓய்வு வயதை ஜெர்மனியின் அன்றைய தலைமை அமைச்சர் பிஸ்மார்க் வைத்தார் என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும். 1889-ல் ஜெர்மனி வைத்த வயது 70. அது 65 ஆனது 1916-ல், பிஸ்மார்க் செத்து 18 வருஷம் கழித்து.)

ஓய்வூதியர்72

தம்பிகளா, ‘சுமை’ என்ற சொல்லை நிழல்குடை போகிற போக்கில் போட்டுவிட்டுப் போனார். எனக்கு 72. கோபம் எல்லாம் இல்லை, ஆனால் ஒரு கணக்கை நானும் வைக்கிறேன்.

காலை ஏழரை மணிக்கு மகள் வேலைக்குக் கிளம்புகிறாள். அதிலிருந்து சாயங்காலம் ஆறரை வரை பேத்தி என் பொறுப்பு. பள்ளியில் விடுவது, அழைத்துவருவது, ஜுரம் வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது எல்லாம் நான். நான் இல்லையென்றால் மகள் சம்பளத்தில் பாதியைக் காப்பகத்துக்குக் கொடுக்க வேண்டும், இல்லை வேலையை விட வேண்டும். அவள் வரி கட்டுகிறாள் அல்லவா, அதில் என் பங்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? ‘சார்ந்திருப்போர் விகிதம்’ என்று போடுகிறீர்களே, 15 முதல் 64 வரை ஒரு பக்கம், 65க்கு மேல் மறுபக்கம் வைத்து வகுப்பது. அந்தக் கணக்கின்படி வீட்டில் சோம்பிக் கிடக்கிற 30 வயதுக்காரன் உழைப்பாளி, நான் சார்ந்திருப்பவன். நல்ல கணக்கு.

வேலையும் தேடிப் பார்த்தேன், 63-ல். மூன்று இடத்தில் நேர்முகம்வரை போனேன். ஒரு இடத்தில் இருந்த பையன் என் அனுபவத்தை ரொம்ப மரியாதையாகப் பாராட்டினான், அப்போதே தெரிந்துவிட்டது கிடைக்காது என்று. ஓய்வு வயதை உயர்த்துகிறோம் என்று சட்டம் போடுவது சுலபம், 60 வயதுக்காரனுக்கு வேலை கொடுக்க ஆள் வேண்டுமே.

நிழல்குடை

ஐயா, மன்னியுங்கள். உங்களைச் சொல்லவில்லை. என்னைவிட மூன்று மடங்கு சம்பளம் வாங்கிக்கொண்டு ‘இந்தக் காலத்துப் பசங்க’ என்று பேசுகிறவர்களைச் சொன்னேன். அவர்களுக்கு இன்னும் அதே சொல்தான்.

இரவுப்பணி

நான் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ராத்திரி ஷிஃப்ட். பதினோரு வருஷம் ஆகிறது. ஓய்வு வயதை 67 ஆக்கு, 70 ஆக்கு என்று பேசுகிறவர்கள் எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் என்பது என் கணிப்பு. ஜெர்மனியில் 2031-க்குள் 67. டென்மார்க்கில் 2040-ல் 70 என்று 2025-ல் சட்டமே போட்டுவிட்டார்கள். எனக்கு 44, இப்போதே முதுகு போய்விட்டது. 75 கிலோ இருக்கிற ஒருவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் வேலையை 69 வயதில் நான் செய்வேனா? அந்த வயதில் என்னை யாராவது மாற்ற வேண்டியிருக்கும். பிரான்ஸில் 2023-ல் 62-ஐ 64 ஆக்கியதற்கு லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்களே, வெறும் இரண்டு வருஷத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று இங்கே கிண்டல் பண்ணினவர்கள் உண்டு. குப்பை அள்ளுகிறவருக்கும் செங்கல் தூக்குகிறவருக்கும் அந்த இரண்டு வருஷம்தான் உடம்பில் தெம்பு மிச்சமிருக்கிற இரண்டு வருஷம். ஏழைகள் சீக்கிரம் சாகிறார்கள், எல்லா நாட்டிலும். வயதை எல்லோருக்கும் ஒரே மாதிரி உயர்த்தினால் அவர்கள் கட்டின காசில் மற்றவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று அர்த்தம்.

கணக்குப்புலி

இரவுப்பணி அக்கா சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயதை உயர்த்தாவிட்டால் வேறு வழி? பங்களிப்பைக் கூட்ட வேண்டும், அல்லது தொகையைக் குறைக்க வேண்டும். மூன்றே திருகாணிதான் இருக்கிறது. கொரியா 2025-ல் பங்களிப்பை 9 சதவீதத்திலிருந்து படிப்படியாக 13 ஆக்க முடிவு செய்தது. அதற்கும் அங்கே இளைஞர்கள் கத்தினார்கள். நிழல்குடை மாதிரி.

மெதுவாகப்பேசு

நாலாவது திருகாணி ஒன்று இருக்கிறது, வேலை பார்க்கிறவர்களின் எண்ணிக்கையையோ ஆளுக்கு ஆகும் உற்பத்தியையோ கூட்டுவது. பெண்கள் அதிகமாக வேலைக்கு வருவது, வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவது, இயந்திரம். கொரியத் தொழிற்சாலைகளில் பத்தாயிரம் தொழிலாளர்களுக்கு ஆயிரத்துக்கு மேல் ரோபோக்கள், உலகிலேயே அதிகம். ஆள் குறைகிற இடத்தில் இயந்திரம் வருவது இயல்புதான், கார் பற்றவைக்க ரோபோ போதும்.

நடுவில்ஒருத்தி

ராத்திரி 2.40. மாமியார் இப்போதுதான் தூங்கினார், எனக்கு இனி வராது. அதனால் முழு இழையையும் படித்தேன். கார் பற்றவைக்க ரோபோ போதும் என்கிற வரியில் சிரித்துவிட்டேன்.

அத்தைக்கு 84. மறதி நோய், ஆறாவது வருஷம். தினம் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு "வீட்டுக்குப் போகணும், நேரமாச்சு" என்பார். இதுதான் வீடு என்று சொன்னால் அழுகை, சில நாள் அடி. ஒரு வருஷம் போராடிய பிறகு கண்டுபிடித்தேன்: சரி அத்தை, கிளம்பலாம் என்று நானும் ஒரு பையை மாட்டிக்கொண்டு அவர் கையைப் பிடித்துக் கூடத்தை நாலு சுற்றுச் சுற்றி, வாசல் கதவைத் திறந்து வெளியே ஒரு அடி வைத்து, திரும்பி உள்ளே வந்து "இதோ வந்துட்டோம்" என்றால் அவர் முகம் மலர்ந்துவிடும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போய்ப் படுப்பார். அந்தப் பையில் என்ன இருக்கிறது தெரியுமா, ஒரு சீப்பும் 1998-ல் காலாவதியான ஒரு அடையாள அட்டையும். இதை எந்த ரோபோ செய்யும் என்று மெதுவாகப்பேசு சொல்லட்டும்.

49-ல் வேலையை விட்டேன். இப்போது எனக்கு 53, முட்டி வலி. என் ஓய்வூதியக் கணக்கில் இந்த நாலு வருஷம் பூஜ்யம். கணக்குப்புலி, உங்கள் மூன்று திருகாணியிலும் நான் இல்லை, கவனித்தீர்களா? நான் வரி கட்டவில்லை, பங்களிப்பு கட்டவில்லை, ஓய்வும் பெறவில்லை. நான் இந்த வேலையை நிறுத்தினால் மட்டும்தான் கணக்கில் வருவேன், அத்தையை இல்லத்தில் சேர்த்த செலவாக. வெளிநாட்டில் இருக்கிற மைத்துனர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவார். "அண்ணி, நீங்க தெய்வம்" என்பார். தெய்வத்துக்கு யாரும் பங்களிப்பு கட்டுவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு: 2021-ல் உலகத்தில் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு மறதி நோய், அவர்களைப் பார்த்துக்கொள்கிற மணிநேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது. பெண்களை வேலைக்கு அனுப்பி ஓய்வூதிய நிதியைக் காப்பாற்றலாம் என்கிறீர்கள், நல்லது. அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு யார் சுற்றுவது?

மெதுவாகப்பேசு

பதில் இல்லை என்னிடம். ரோபோ வரியை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனால் நீங்கள் கேட்டதை இரண்டு நாடுகளாவது நேராக எடுத்துக்கொண்டன என்று மட்டும் சொல்கிறேன். ஜெர்மனி 1995-ல் பராமரிப்புக் காப்பீடு என்று தனியாக ஒன்றைத் தொடங்கியது. மருத்துவக் காப்பீடு போலவே சம்பளத்தில் பிடிப்பார்கள். வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால் ஆள் அனுப்பச் சொல்லலாம், அல்லது பணமாக வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் சொன்ன பூஜ்யம் இருக்கிறதே, அதற்கும் ஏற்பாடு உண்டு: குறிப்பிட்ட மணிநேரத்துக்கு மேல் வீட்டில் பராமரிக்கிறவரின் ஓய்வூதியப் பங்களிப்பை அந்தக் காப்பீடே கட்டும். ஜப்பான் 2000-ல் தொடங்கியது, 40 வயதிலிருந்து எல்லோரும் கட்டுகிறார்கள். அங்கே பணமாகத் தரலாமா என்று பெரிய விவாதம் நடந்தது. தரக் கூடாது என்று பெண்கள் தரப்பிலிருந்தே எதிர்ப்பு வந்தது. காசு கொடுத்தால் "அதுதான் பணம் வருகிறதே" என்று மருமகள் தலையிலேயே கட்டிவிடுவார்கள் என்பது அவர்கள் வாதம். கடைசியில் சேவையாக மட்டும்தான். ஆள் வருவார், பகல் நேர மையத்துக்கு வண்டி வந்து அழைத்துப்போகும், கையில் காசு வராது. இவ்வளவு செய்தும் அங்கே ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேலையை விடுகிறார்கள்.

நடுவில்ஒருத்தி

அந்தப் பெண்கள் சொன்னது சரி. எனக்குக் காசு வேண்டாம் என்று இல்லை, வேண்டும். ஆனால் இரண்டில் ஒன்றுதான் என்றால் வாரத்தில் இரண்டு பகல் யாராவது வந்து அத்தையோடு உட்காரட்டும். நான் போய்ப் பல் பார்த்துவிட்டு வருவேன். எட்டு மாதமாகக் கடைவாய்ப் பல் வலி.

இரவுப்பணி

நடுவில்ஒருத்தி, அந்தப் பை யோசனையை இன்று எங்கள் இல்லத்தில் இரண்டாம் மாடி அம்மாவுக்குச் செய்து பார்க்கப்போகிறேன்.

வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவது பற்றி மேலே ஒரு வரியில் போய்விட்டது. அதில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். என்னோடு வேலை பார்த்தவள் ஒருத்தி, வெளிநாட்டுக்குப் போய் அங்கே ஒரு வீட்டில் தங்கி ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்கிறாள். இத்தாலியில் இப்படி வருகிற பெண்களுக்கென்றே ‘பதாந்தே’ என்று ஒரு சொல் இருக்கிறது, அத்தனை சாதாரணம். இங்கே வாங்கியதைவிட அவளுக்கு அங்கே நாலு மடங்கு சம்பளம், குறை சொல்ல மாட்டேன், நானும் விண்ணப்பித்துவைத்தவள்தான். ஆனால் அவளுடைய அம்மா போன வருஷம் விழுந்து இடுப்பு உடைந்தபோது பார்த்துக்கொள்ள ஊரில் யாரும் இல்லை. தங்கை வேலையை விட்டாள். இவள் அனுப்புகிற காசு தங்கைக்குச் சம்பளம் மாதிரி ஆகிவிட்டது. அங்கே ஒரு மகள் வேலைக்குப் போகிறாள், அதற்காக இங்கே ஒரு மகள் வேலையை விடுகிறாள்.

எங்கள் இல்லத்தில் ராத்திரி முப்பத்திரண்டு பேருக்கு நாங்கள் இரண்டு பேர். நான் சேர்ந்தபோது மூன்று பேர் இருந்தோம். விளம்பரம் கொடுத்துப் பார்க்கிறார்கள், யாரும் வருவதில்லை. இந்தச் சம்பளத்துக்கு வர மாட்டார்கள் என்று நிர்வாகத்துக்கும் தெரியும்.

மெதுவாகப்பேசு

ஆட்களை அனுப்புகிற நாடுகளுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2050-ல் உலகின் 60 வயது தாண்டியவர்களில் 80 சதவீதம் பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் இருப்பார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஐரோப்பா பணம் சேர்த்த பிறகு கிழமானது, மற்றவர்களுக்கு அந்த அவகாசம் இல்லை. சீனா 2025 ஜனவரியிலிருந்து ஓய்வு வயதைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துகிறது, ஆண்களுக்கு 60-லிருந்து 63, அதுவும் 15 வருஷத்தில். அங்கே ஒற்றைக் குழந்தைத் திட்டத்தில் பிறந்தவர்களுக்கு 4-2-1 என்றே ஒரு பெயர் உண்டு: தாத்தா பாட்டி நாலு பேர், அப்பா அம்மா இரண்டு பேர், கீழே ஒற்றை ஆள். பெற்றோரைப் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்று 2013-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் எழுதியே வைத்தார்கள்.

நிழல்குடை

நானும் ஒற்றைப் பிள்ளைதான். 4-2-1-ல் அந்த 1-ஐப் பார்த்ததும் வயிறு கலங்கியது. அப்பாவுக்கு 58, அம்மாவுக்கு 55, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். இதுவரை இதை யோசித்ததே இல்லை.

இன்னொரு சந்தேகம், திட்டாதீர்கள். முன்பெல்லாம் அப்பா 60-ல் போனால் பிள்ளைக்கு 35 வயதில் வீடு கைக்கு வரும், அந்தக் காசு குழந்தை குட்டிக்கு உதவும். இப்போது அப்பா 92 வரை இருக்கிறார், பிள்ளைக்கே 65. சொத்து ஒரு முதியவரிடமிருந்து இன்னொரு முதியவருக்குத்தான் போகிறது. வீடு வாங்க வேண்டிய வயதில் இருக்கிறவன் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறான், பிள்ளை பெற யோசிக்கிறான். இதுவும் பிறப்பு குறைய ஒரு காரணம்தானே? (அப்பா நூறு வருஷம் இருக்கட்டும். அவர் இந்தத் தளத்தைப் படிப்பதில்லை என்று நம்புகிறேன்.)

மெதுவாகப்பேசு

திட்டுவதற்கு என்ன இருக்கிறது, ஜப்பானில் இதையே ஒரு பொருளாதாரப் பிரச்சினையாகப் பேசுகிறார்கள். பணம் முதியவர்களுக்குள்ளேயே சுற்றுகிறது, அவர்கள் பயத்தில் செலவழிப்பதில்லை, எத்தனை வருஷம் வாழ்வோம் என்று தெரியாதபோது யார்தான் செலவழிப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே நாட்டில் 2023 கணக்கெடுப்பின்படி 90 லட்சம் வீடுகள் காலியாகக் கிடக்கின்றன. பிள்ளைகள் நகரத்தில், வீடு கிராமத்தில். இடிக்கவும் காசு வேண்டும், வரியும் கட்ட வேண்டும், யாரும் வாங்க மாட்டார்கள். இளைஞனுக்கு வீடு இல்லை, வீட்டுக்கு ஆள் இல்லை.

ஓய்வூதியர்72

நிழல்குடை, உங்கள் அப்பாவிடம் ஒன்று மட்டும் இப்போதே பேசிவிடுங்கள். சொத்து பற்றி இல்லை. படுத்துவிட்டால் எங்கே இருக்க விரும்புகிறார், குழாய் போட்டு நீட்டிக்க வேண்டுமா வேண்டாமா, வங்கிக் கணக்கு விவரம் யாருக்குத் தெரியும், இவ்வளவுதான். நான் என் மகளிடம் போன வருஷம் பேசினேன். அவள் அழுதுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு நோட்டு வாங்கிவந்து கொடுத்து, எல்லாம் இதில் எழுதுங்கள் என்றாள். பாதி எழுதியிருக்கிறேன்.

கணக்குப்புலி

இழையைத் தொடங்கியவன் நான், ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன்.

தம்பியோடு சண்டை ஓய்வு வயது பற்றித்தான் தொடங்கியது, பொய் இல்லை. ஆனால் போன் போட்டது அதற்கில்லை. அப்பா பதினேழு நாளைக்கு முன் குளியலறையில் விழுந்து தொடை எலும்பு உடைந்துவிட்டது. அறுவை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார், என் வீட்டில். நிற்க மாட்டேன் என்கிறார், பயம். மனைவி பள்ளி ஆசிரியை, இருக்கிற விடுப்பெல்லாம் போட்டாகிவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து அப்பா யார் வீட்டில் என்று பேசத்தான் கூப்பிட்டேன். அதைக் கேட்கத் தைரியம் இல்லாமல் செய்தியில் வந்ததைப் பேசினேன், அவனுக்கும் புரிந்திருக்கும் போல, அவனும் விடாமல் அதையே பேசினான். ஒரு மணி நேரம். இரண்டு பேருக்கும் பொருளாதாரத்தில் அத்தனை அக்கறை.

நடுவில்ஒருத்தி எழுதியதைப் படித்தபோது, மனைவி வேலையை விடுவாள் என்று நான் மனதுக்குள் ஏற்கெனவே கணக்குப் போட்டுவைத்திருந்தேன் என்பது தெரிந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலே. என் சம்பளம் அதிகம், அதனால் அவள் விட்டால் நஷ்டம் குறைவு என்று. எல்லா வீட்டிலும் இந்தக் கணக்கு இப்படித்தான் முடியும் போல.

நடுவில்ஒருத்தி

எங்கள் வீட்டிலும் அதே வாக்கியம்தான் சொன்னார்கள், வார்த்தை மாறாமல். உங்கள் மனைவியிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் "பரவாயில்லை" என்றால் இன்னொரு தடவை கேளுங்கள். நான் முதல் தடவை பரவாயில்லை என்றுதான் சொன்னேன்.

தம்பியிடம் "அப்பாவை எத்தனை மாதம் வைத்துக்கொள்வாய்" என்று கேட்காதீர்கள், சண்டைதான் வரும். செவ்வாய், வியாழன் ராத்திரி நீ வந்து படு என்று கேளுங்கள். கிழமை சொல்லிக் கேட்டால் மறுப்பது கஷ்டம்.

நிழல்குடை

அண்ணா, உங்கள் தம்பி கட்சியிலிருந்து நான் விலகுகிறேன். வேலை விஷயத்தில் இல்லை, அதில் இன்னும் அவர் பக்கம்தான். மற்றதில்.

கணக்குப்புலி

நன்றி. தம்பிக்கு இப்போதுதான் செய்தி அனுப்பினேன், இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை.

இரவுப்பணி அக்கா, ஒன்று கேட்க வேண்டும். அப்பா நாள் முழுக்க மல்லாக்கவே கிடக்கிறார். இன்று துடைக்கும்போது குதிகாலில் கன்றிப்போன மாதிரி ஒரு இடம் பார்த்தேன். ரப்பர் வளையம் வாங்கி அடியில் வைக்கலாமா?

இரவுப்பணி

வளையம் வேண்டாம். அது சுற்றியிருக்கிற இடத்தை அழுத்தி ரத்த ஓட்டத்தை இன்னும் கெடுக்கும். கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு தலையணை வையுங்கள், குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும், ஒரு தாள் உள்ளே போய்வர வேண்டும், அதுதான் அளவு. கன்றின இடத்தை விரலால் லேசாக அழுத்தி விடுங்கள். வெளுத்துத் திரும்பவும் நிறம் வந்தால் இப்போதைக்குப் பயமில்லை. அழுத்தியும் நிறம் மாறாவிட்டால் படுக்கைப்புண்ணின் தொடக்கம். நம் தோல் கறுப்பாக இருந்தால் நிறம் சரியாகத் தெரியாது, அதனால் புறங்கையை வைத்துப் பாருங்கள், பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் நாளைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது, எண்ணெய் போட்டும் தேய்க்காதீர்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள், ராத்திரியிலும். அறுவை செய்த பக்கம் சாய்க்கலாமா, கால்களுக்கு நடுவில் தலையணை வேண்டுமா என்று அறுவை செய்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஆள் மாறும். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் என்று கட்டில் பக்கத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை தம்பி வந்தால் அவரும் அதைப் பார்த்துச் செய்துகொள்வார்.